பப்பாளி மரத்துக்கு ஊற்றிய கொய்னா

அர்ச்சுனனைச் சோம்பேறி என்று சொன்னவர்களுக்கு அவனைச் சரியாகத் தெரியாது. சோம்பேறி என்றால் கிடைத்த இடத்தில் விழுந்து கிடப்பான். அர்ச்சுனன் அப்படியா? வேலையே இல்லாத வேலை ஒன்று இந்த ஜொகூர் மண்ணில் எங்கேயோ இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்காமல் ஓய்வதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டு ஆறு வருடம் அலைந்தவன் அவன். அந்த அலைச்சலில் பாதியை ஒரே இடத்தில் காட்டியிருந்தால் இந்நேரம் தன் நாற்காலிக்கே போட்டிக்கு வந்திருப்பான் என்று கூலாய்த் தோட்டத்துக் கங்காணி ஐயாசாமி சொல்வார். அர்ச்சுனன் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டான்.

கப்பலை விட்டு இறங்கியதும் அவன் கையில் பால்வெட்டும் கத்தியைக் கொடுத்தார்கள். முந்நூறு ரப்பர் மரம், வெயில் ஏறுவதற்குள் வெட்டி முடிக்க வேண்டும். பதினைந்தாம் நாள் கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை கேட்டான். செடி என்ன, ஆளுக்கு ஒரு செம்பு குடிக்கும், மிச்ச நேரம் நிழலில் உட்காரலாம் என்று நினைத்தான். போய்ப் பார்த்தால் செடி நாலாயிரம் இருந்தது. ஆறு அரை மைல் தள்ளி ஓடியது.

அதற்கப்புறம் மாட்டுவண்டி. இது உண்மையிலேயே நல்ல யோசனை, குறை சொல்லக் கூடாது. ரப்பர் ஷீட்டை ஏற்றிக்கொண்டு ரயிலடிக்குப் போகிற மாடுகளுக்கு வழி மனப்பாடம். ஓட்டுகிறவன் தூங்கினால் யாருக்கு என்ன நட்டம்? ஒரு மாதம் தூங்கிக்கொண்டே போய்த் தூங்கிக்கொண்டே திரும்பி வந்தான். பிறகு தோட்டத்தில் புதுச் சோடி வாங்கினார்கள். அந்த மாடுகளுக்கு மனப்பாடமாக இருந்தது வேறு வழி. அர்ச்சுனன் கண் விழித்தபோது வண்டி பதினைந்து மைல் தள்ளித் தெப்ராவில், மாடுகளின் பழைய எசமான் வீட்டு வாசலில் நின்றது. அந்த மனிதர் ரொம்பப் பாசமாக மாடுகளுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார்.

வந்ததே வந்தோம் என்று வண்டியை வேறு ஆளிடம் கொடுத்தனுப்பிவிட்டுத் தெப்ராவிலேயே தங்கிவிட்டான். ருக்னுதீன் ராவுத்தரின் சாப்பாட்டுக் கடை வாசலில் நின்று, போகிற வருகிறவர்களை வாங்க வாங்க என்று கூப்பிடுகிற வேலை. வாய்க்குத்தானே வேலை, கைக்கு இல்லையே என்று சந்தோசப்பட்டான். ஆள் வராத நேரத்தில் ராவுத்தர் அவனைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டு அம்மிக் குழவியைக் காட்டினார். அன்று சாயந்திரமே கம்பி நீட்டினான். அப்போது ஜொகூர் கடலுக்கு நடுவே சிங்கப்பூருக்குப் பாலம் போட்டுக்கொண்டிருந்த காலம். கரையில் குவித்து வைத்த கருங்கல்லுக்குக் காவல் என்று ஒரு வேலை இருந்தது. கருங்கல்லை எவன் திருடப் போகிறான்? அர்ச்சுனன் நாலு மாதம் அங்கே ராசா மாதிரி இருந்தான். அதுதான் அவன் வாழ்க்கையின் பொற்காலம். கடைசியில் ஒரு வெள்ளைக்காரன் வந்து, சும்மாதானே இருக்கிறாய், மணிக்கொரு தடவை கடல் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கம்பத்தில் கோடு போடு என்றான். மணிக்கொரு தடவை என்றால் மனிதன் எப்படித் தூங்குவது?

ரயில் கேட், கள்ளுக்கடை என்று நடுவில் விட்டுப்போனதையெல்லாம் சேர்த்தால் மொத்தம் பதினொரு வேலை. எல்லாவற்றையும் அவனேதான் விட்டான். ஒருவரும் அவனைப் போ என்று சொன்னதில்லை. அதில் அவனுக்கு ஒரு பெருமையும் இருந்தது.

கடைசியில் சுற்றிச் சுற்றிக் கூலாய்த் தோட்டத்துக்கே திரும்பி வந்தபோதுதான் செல்லத்தைப் பார்த்தான். செல்லம் பால்வெட்டுக்காரி. புருசன் மரம் விழுந்து செத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. பிள்ளை குட்டி இல்லை. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தின் கோடி வீட்டில் தனியாக இருந்தாள். நிமிர்ந்த நடை, வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேச்சு. தோட்டத்தில் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டவர்கள் நாலைந்து பேர், எல்லாரும் வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பியவர்கள். அர்ச்சுனன் மட்டும் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நின்றான். அவனுக்கு ஆசை என்றால் சாதாரண ஆசை இல்லை. ராவுத்தர் கடையை விட்ட அன்றுகூட அவன் நெஞ்சு அவ்வளவு வேகமாக அடித்ததில்லை.

"எனக்கு நகை வேணாம், பொடவ வேணாம்," என்றாள் செல்லம். "தை பொறக்குற வரைக்கும் ஒரே வேலையில இருந்து காட்டுங்க. நடுவுல விட்டுட்டு ஓடுனா இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கக் கூடாது."

அது ஆடி மாதம். தைக்கு ஆறு மாதம் இருந்தது. அர்ச்சுனனுக்குக் கருங்கல் காவலே நாலு மாதம்தான் தாங்கியது. இனிமேல் ஏனோதானோ என்று வேலை தேடினால் ஆகாது, மிகவும் சுலபமான வேலையாகப் பார்க்க வேண்டும் என்று தோட்டம் முழுக்க ஒரு சுற்றுச் சுற்றினான். கண்டுபிடித்தும் விட்டான்.

கொய்னா ஊற்றுகிற வேலை.

அந்தக் காலத்தில் தோட்டத்துக்கு மலைக்காய்ச்சல்தான் எமன். அதனால் தினமும் விடியற்காலைப் பெரட்டில், ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும்போதே, ஆளுக்கு ஒரு கரண்டி கொய்னா மருந்தை வாயில் ஊற்ற வேண்டும் என்பது துரையின் உத்தரவு. வைத்தியம் பார்க்கிற டிரெஸ்ஸர் மூர்த்தி நல்ல மனிதர், ஆனால் மூன்று தோட்டத்துக்கு ஒரே ஆள். சைக்கிளில் வாரத்துக்கு ஒரு நாள்தான் இங்கே வருவார். மற்ற நாட்களில் ஊற்றுவதற்கு ஒரு கையாள். பழைய கையாள் ஊருக்குப் போய்விட்டான். காலையில் ஒரு மணி நேரம் கரண்டியைப் பிடித்தால் போதும், புத்தகத்தில் ஒவ்வொரு பேருக்கு நேரேயும் ஒரு கோடு கிழித்தால் போதும், அப்புறம் நாள் முழுக்க டிஸ்பென்சரிப் பெஞ்சு அவனுக்கே சொந்தம். அர்ச்சுனனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

ஆனால் கொய்னாவைப் பற்றி ஒரு விசயத்தை அவன் யோசிக்கவில்லை. அது என்ன தேனா? வேப்பங்கொழுந்தைப் பத்துத் தடவை காய்ச்சி இறக்கினால் என்ன கசப்போ அதற்கும் மேலே. முதல் நாள் நூற்று இருபது பேரில் முப்பது பேர் வாயைத் திறக்கவில்லை, இருபது பேர் திரும்பி நின்று துப்பினார்கள், ஒரு கிழவி அவன் காலிலேயே துப்பினாள். பிடித்து, இழுத்து, மூக்கைப் பொத்தி, கெஞ்சி ஊற்றி முடித்தபோது அவன் சட்டை பிழிந்து காயப்போடும்படி ஆகிவிட்டது. முந்நூறு மரம் வெட்டினால்கூட இவ்வளவு வேர்த்திருக்காது.

இரண்டாம் வாரம் செல்லம் அவன் முன்னால் வந்து நின்று, முகத்தைச் சுளித்து, வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். கட்டிக்கொள்ளப் போகிறவள் கேட்டு இல்லை என்று சொல்வதா? கரண்டியை அப்படியே சீசாவில் கவிழ்த்துவிட்டு, புத்தகத்தில் கோடு கிழித்தான். அவள் சிரித்தாள். அதைப் பார்த்துப் பின்னால் நின்றவளும் தலையை ஆட்டினாள். அவளுக்கும் கோடு. ஆவணி பிறந்தபோது வேண்டியவர்கள் வாயைத் திறக்கலாம், வேண்டாதவர்கள் நடையைக் கட்டலாம் என்று ஆகிவிட்டது. புரட்டாசியில் வாயைத் திறப்பவர் ஒருவரும் இல்லை. மிஞ்சிய மருந்தை டிஸ்பென்சரிக்குப் பின்னால் நின்ற பப்பாளி மரத்தடியில் ஊற்றினான். அந்த மரத்துக்கு மட்டும் அந்த வருடம் காய்ச்சலே வரவில்லை.

தோட்டமே அவனைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடியது. இவனல்லவா மனிதன் என்றார்கள். ஒரு வீட்டிலிருந்து பணியாரம் வரும், இன்னொரு வீட்டிலிருந்து கருவாட்டுக் குழம்பு வரும். டிரெஸ்ஸர் வருகிற நாளில் மட்டும் எல்லாரும் பேசி வைத்த மாதிரி வரிசையில் நின்று மடக்கென்று விழுங்குவார்கள். டிரெஸ்ஸர் புத்தகத்தைப் பார்த்து, இத்தனை ஒழுங்காக ஒரு ஆளைப் பார்த்ததில்லை என்று அடியில் கையெழுத்துப் போடுவார். அர்ச்சுனன் மட்டும் ஒரு நாள் தவறாமல் தானும் ஒரு கரண்டி குடித்துவிடுவான். காய்ச்சல் வந்தால் நடுங்க வேண்டும், நடுங்குவது எவ்வளவு பெரிய வேலை!

கார்த்திகையில் மழை பிடித்தது. காட்டாற்றுத் தண்ணீர் லயத்துக்குப் பின்னால் குட்டை குட்டையாகத் தேங்கியது. கொசு கைகொள்ளாமல் பறந்தது. முதல் வாரம் நாலு பேர் படுத்தார்கள், அடுத்த வாரம் பதினாறு. பெரட்டில் பேர் கூப்பிட்டால் பாதிப் பேருக்குப் பதில் இல்லை. அர்ச்சுனனுக்குக் காரணம் தெரிந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. மழைக்காலம் என்றால் காய்ச்சல் வரும், வெயில் வந்தால் போகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

கார்த்திகைக் கடைசியில் செல்லம் படுத்தாள். மற்றவர்களுக்குக் காய்ச்சல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தது. அவளுக்கு விடவே இல்லை. நாலு நாளாக அடுப்பு மாதிரிக் கொதித்தாள். செத்துப்போன புருசனைக் கூப்பிட்டுச் சோறு சாப்பிட வரச் சொன்னாள். அர்ச்சுனன் வாசலில் உட்கார்ந்து அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஐந்தாம் நாள் டிரெஸ்ஸர் மூர்த்தி மழையில் நனைந்துகொண்டு வந்தார். செல்லத்தின் கண் இமையை இழுத்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். அப்புறம் கொய்னாப் புத்தகத்தை வாங்கி விரித்தார். ஆடியிலிருந்து அவள் பேருக்கு நேரே ஒரு நாள்கூட விடாமல் கோடு.

"இது மலைக்காய்ச்சல் இல்ல," என்றார். "நாள் தவறாம கொய்னா குடிச்ச ஒடம்புல அது இப்படி அடிக்காது. கொடல் காய்ச்சல். இனிமே கொய்னா குடுக்காத, வயித்துக்கு ஆகாது. கஞ்சித்தண்ணி மட்டும் ஊத்துங்க. அப்புறம் கடவுள் விட்ட வழி."

அந்தக் கோடுகள் அத்தனையும் அர்ச்சுனன் கிழித்தவை. டிரெஸ்ஸர் அவளைப் பார்க்கவில்லை, அவன் எழுதிய பொய்யைப் பார்த்துவிட்டு வைத்தியம் சொல்கிறார். இப்போது வாயைத் திறந்தால் வேலை போகும், தையும் போகும், அவளும் போவாள். திறக்காவிட்டால் அவள் உயிரே போகும். டிரெஸ்ஸர் பையை மூடிக்கொண்டு சைக்கிளைத் திருப்பினார். ஒரு வேலையை விட்டு ஓடுவதற்கு எப்போதும் முந்திக்கொள்கிற அவன் கால்கள் அன்றைக்கு ஓடிப்போய் அந்தச் சைக்கிளின் முன்சக்கரத்தை மறித்து நின்றன.

"ஐயா, அது மலைக்காய்ச்சல்தான். அவளுக்கு நான் கொய்னா ஊத்தவே இல்ல. அவளுக்கு மட்டுமில்ல, பொரட்டாசியிலேருந்து யாருக்குமே ஊத்தல."

டிரெஸ்ஸர் முதலில் அவன் கன்னத்தில் ஒன்று விட்டார். விட்ட கையோடு உள்ளே ஓடிப் பையைத் திறந்து கொய்னா ஊசி மருந்தை ஏற்றினார். செல்லத்துக்கு ஊசி போட்டு முடித்த பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது. துரைக்குத் தெரிந்தால் தன் வேலையும் போய்விடும், ஒவ்வொரு பக்கத்திலும் தன் கையெழுத்து இருக்கிறது என்றார். அதனால் இது இரண்டு பேருக்குள் இருக்கட்டும், ஆனால் இன்றையிலிருந்து மூன்று வேளை, வீடு வீடாக, ஒரு வாய் தப்பாமல் ஊற்ற வேண்டும், படுத்தாயானால் போலீசில் பிடித்துக் கொடுத்துவிடுவேன் என்றும் சொன்னார்.

அதற்கப்புறம் அர்ச்சுனன் பார்த்தது வேலை. பதினொரு வேலையிலும் அவன் தப்பவிட்ட உழைப்பெல்லாம் சேர்ந்து வட்டியோடு வந்து நின்ற மாதிரி இருந்தது. நூற்று இருபது வாய், ஒரு நாளைக்கு மூன்று வேளை. நேற்றுவரை பணியாரம் கொடுத்தவர்கள் இன்று விளக்குமாற்றைத் தூக்கினார்கள். இவனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது, துரையிடம் நல்ல பேர் வாங்கப் பார்க்கிறான் என்று ஏசினார்கள். ஒருவன் கரண்டியைப் பிடுங்கிக் குட்டையில் எறிந்தான். அர்ச்சுனன் குட்டையில் இறங்கித் தேடி எடுத்து வந்து, கழுவி, அவன் வாயிலேயே முதலில் ஊற்றினான். விழுங்கியதும் வாயைத் திறந்து காட்டச் சொல்லி நாக்குக்கு அடியில் பார்ப்பான். நடுவில் செல்லத்தின் நெற்றியில் ஈரத்துணி மாற்றுவான், பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாளைக் கூப்பிட்டுக் கஞ்சி ஊட்டச் சொல்வான், மறுபடி சீசாவைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். உட்கார்ந்தால் தூங்கிவிடுவோம் என்று நின்றுகொண்டே சாப்பிட்டான். பயமும் வெட்கமும் அவனை விரட்டிக்கொண்டே இருந்தன.

ஊசி போட்ட ஏழாம் நாள் செல்லத்துக்கு வேர்த்துக் காய்ச்சல் விட்டது. பத்தாம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து உட்கார்ந்தாள். லயத்தில் முக்கால்வாசிப் பேர் எழுந்துவிட்டார்கள். எல்லாரும் சேர்ந்து, பாவம் அர்ச்சுனன், திட்டத் திட்ட மருந்து கொடுத்து நம்மைக் காப்பாற்றினான் என்று சொல்லத் தொடங்கினார்கள். மறுபடியும் பணியாரம் வந்தது. கங்காணி ஐயாசாமியே வந்து, தை முதல் வாரத்தில் நல்ல நாள் இருக்கிறது, பார்க்கட்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார். டிரெஸ்ஸர் பேச மாட்டார். வேறு யாருக்கும் தெரியாது. அர்ச்சுனன் இனிமேல் ஒரு விரலைக்கூட அசைக்க வேண்டியதில்லை. சும்மா இருந்தால் எல்லாம் தானாக வந்து சேரும். ஆறு வருடமாக அவன் தேடி அலைந்தது இதைத்தானே?

வந்த பணியாரத்தை அவன் தொடவே இல்லை.

மார்கழி பன்னிரண்டாம் தேதி மத்தியானம், பால்வெட்டுக்குப் போனவர்கள் திரும்பி வந்த நேரம். பெண்கள் குழாயடியில் நின்றார்கள், ஆண்கள் அவரவர் வாசலில் கால் நீட்டியிருந்தார்கள். அர்ச்சுனன் செல்லத்தின் வாசலுக்குப் போய், அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னான். அவளுக்குக் கரண்டியைக் கவிழ்த்த நாளிலிருந்து பப்பாளி மரம் வரைக்கும், டிரெஸ்ஸர் விட்ட அறை வரைக்கும், ஒன்றையும் மறைக்கவில்லை.

செல்லம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொல்றீங்க?" என்றாள். "அந்த ஊசி மருந்துல காது அடைச்சுக் கெடக்கு. உள்ள வண்டு கத்துது. சத்தமாச் சொல்லுங்க."

கொய்னா அதிகமானால் காது அப்படி அடைக்கும், அவனுக்கும் தெரியும். அர்ச்சுனன் திரும்பிப் பார்த்தான். குழாயடியில் ஏழெட்டுப் பேர், எதிர் வரிசையில் கங்காணி. கஞ்சி குடித்தாயா என்று கேட்டேன் என்று சொன்னால் போதும், அத்தோடு முடிந்தது. அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்து நின்றது. சொல்ல வேண்டியதைத்தான் ஒரு தடவை சொல்லியாகிவிட்டதே, அவள் காதில் விழாதது அவன் குற்றமா? இப்படி யோசிப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் எதிரே இருந்த முகம் பாதியாகத் தேய்ந்து, கண் இரண்டும் குழிக்குள் போயிருந்தது. அந்தக் கண்கள் அவனை விட்டு அசையவே இல்லை.

எழுந்து நின்றான். லயத்தின் இரண்டு கோடிக்கும் கேட்கும்படி சொன்னான்.

"நான் உனக்குக் கொய்னா ஊத்தல, செல்லம். ஊத்துனதாப் பொய்க் கோடு போட்டேன். யாருக்குமே ஊத்தல. எல்லாத்தையும் பப்பாளி மரத்துல கொட்டுனேன். இத்தன பேர் படுத்ததுக்கு நான்தான் காரணம்."

குழாயில் குடம் நிரம்பி வழிந்தது, மூட ஆள் இல்லை. பிறகு பேச்சியம்மாள் மண்ணை வாரித் தூற்றத் தொடங்கினாள். அவளோடு மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கங்காணி ஐயாசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். வேறு நாளாக இருந்தால் அர்ச்சுனன் இந்நேரம் கூலாய் ரயிலடியில் இருந்திருப்பான். இன்றைக்கு நின்ற இடத்திலேயே நின்றான்.

செல்லம் கையைத் தூக்கினாள். அவள் குரல் பலவீனமாகத்தான் வந்தது. அதனால் எல்லாரும் வாயை மூடினார்கள்.

"மொதத் தடவையே எனக்குக் கேட்டுச்சு," என்றாள். "ரெண்டாவது தடவையும் சொல்லுவீங்களான்னுதான் பார்த்தேன்."

அர்ச்சுனன் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"நீங்க செஞ்சத நான் மறக்க மாட்டேன். தலைய ஆட்டுனது நான்தான், அதையும் மறக்கல. தொரைகிட்டயும் நீங்களே போய்ச் சொல்லுங்க."

"சொன்னா வேல போயிடும், செல்லம்," என்றான் அவன். "தைக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கு."

"நீங்க வேலைய விடக் கூடாதுன்னுதான் சொன்னேன்," என்றாள் செல்லம். "வேல ஒங்கள விட்டா, அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

அவன் டிஸ்பென்சரிக்குப் போய்ச் சீசாவையும் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டான். துரை ஆபீசுக்கு முக்கால் மைல், ஏற்றமான பாதை. லயத்து ஆட்கள் விலகி வழி விட்டார்கள். வழியில் ஒரு இடத்தில்கூட அவன் உட்காரவில்லை.